காலி

சுரங்கத்தை மூடி முப்பது வருடமாகிறது.
கரி படிந்தவர்கள் குளித்த கூடத்தின் அடியில்
இப்போது துப்பாக்கிச் சங்கம்.
ஆஸ்ட்ரவாவில் நவம்பர்.
துண்டு மாட்டிய கொக்கிகள் அப்படியே இருக்கின்றன,
அவற்றில் எங்கள் காதுக் கவசங்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்: எதற்காகக் கற்க வந்தீர்கள்?
கடைசி டிராம் ஓட்டுகிறவள் என்று எழுதினேன்,
அடித்தேன்.
ட்ராஹோமீரா எதுவும் கேட்கவில்லை.
பகலில் ரொட்டிக் கடையில் வேலை,
என் மகளைவிட இளையவள்.
முழங்கையில் கழுவ மறந்த மாவு.

முதல் வாரம் வெடிச் சத்தமே இல்லை.
நீலப் பிளாஸ்டிக் பொம்மையை
நாற்பது நிமிடம் எடுத்தோம், வைத்தோம்.
விரல் வெளியே.
விசைக்குள் அல்ல, சட்டத்தின் மேல்,
நேராகப் படுத்திருக்க வேண்டும்.
"பொம்மைதானே" என்றார் வ்ரதிஸ்லாவ்,
கொதிகலன் பழுது பார்ப்பவர்.
"இதோடு பழகாத விரல்
இரும்பைக் கண்டதும் திருந்திவிடுமா?"
என்றாள் அவள்.

இரண்டாம் வாரம் இரும்பு.
நினைத்ததைவிடக் கனம், நினைத்ததைவிடக் குளிர்.
காலி என்று சொல்லக் கூடாது,
காட்ட வேண்டும்.
மேகசினை உருவு. ஸ்லைடை இழுத்துப் பூட்டு.
அறையைப் பார்.
பார்த்தாயா? இன்னொரு முறை பார்.
இருட்டென்றால் சுண்டு விரலை விட்டுத் தடவு.
பக்கத்தில் நிற்பவரும் பார்க்கட்டும்.
அதுவரை அது நிரம்பியதுதான்.

இருபத்திரண்டு வருடம்
தூரத்துத் தண்டவாளத்தையே பார்த்த கண் எனக்கு.
இங்கே நேர்மாறு:
முன்குறி மட்டும் ஊசியாய்த் தெளிய வேண்டும்,
பின்குறி கொஞ்சம் கலங்கலாம்,
இலக்கு மங்கிப் போகட்டும்.
சுட வேண்டியதைப் பார்க்காமல் சுடுவதா?
எனக்குப் பிடிபட மூன்று மாலைகள் ஆயின.

என் குண்டுகள் எல்லாம் கீழே இடது பக்கம்.
துப்பாக்கியில் கோளாறு என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
எனக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவை
நடுவில் செருகித் தந்தாள்.
இரண்டு வெடித்தன.
மூன்றாவது, டிக்.
வெடிக்காத அந்த நொடியில்
என் கை மட்டும் பயந்து தலை குனிந்தது.
உதைப்பு வரும் முன்பே உதை வாங்கிய கை.
எல்லோரும் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

பிறகு அந்த வியாழன்.
வ்ரதிஸ்லாவின் துப்பாக்கி வெடிக்கவில்லை.
வெடிக்காவிட்டால் குழலைத் திருப்பாதே,
முப்பது எண்ணு, கையைத் தூக்கு:
அவரே எங்களுக்கு ஒப்பித்த பாடம்.
அவர் திரும்பினார்.
உதவி கேட்கும் முகம்,
அதற்கு முன்னால் குழல் வாய்
ஸ்டெல்லாவை, என்னை, தண்ணீர்க் குழாயை,
மறுபடியும் என்னைக் கடந்தது.
"காலிதான், காலிதான்."

ட்ராஹோமீரா கத்தவில்லை.
அவர் மணிக்கட்டைப் பிடித்து
கதவைச் சாத்துவதுபோல்
இலக்குப் பக்கம் திருப்பினாள். எண்ணினாள்.
முப்பது அவ்வளவு நீளம் என்று
எனக்கு அதுவரை தெரியாது.
ஸ்லைடை இழுத்தாள்.
ஒரு தோட்டா துள்ளி விழுந்து
தரைச் சரிவில் உருண்டு
பழைய குளியலறைச் சாக்கடைக் கம்பியில் நின்றது.
"நாமல்லவா காலியாகியிருப்போம்"
என்றாள் ஸ்டெல்லா. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வியாழன் அவர் வரமாட்டார் என்றிருந்தேன்.
எனக்கு முன்பே வந்து
மூலையில் நின்றிருந்தார்,
கையில் நீலப் பொம்மை.
எடுத்தார், வைத்தார்.

நேற்று வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.
தெளிப்பான் புட்டியின் விசைக்கு வெளியே
என் விரல் நேராகப் படுத்திருப்பதைப் பார்த்து
ரடோவன் சிரித்தார்.
"என்னைச் சுடப் போகிறாயா?"
நகருங்கள் என்றேன்.
கண்ணாடிக்குப் பின்னால் தெரு,
தெருவில் சைக்கிளோடு ஒரு பையன்.
அவன் போகும்வரை
புட்டியைத் தாழ்த்தியே வைத்திருந்தேன்.
உள்ளே சோப்புத் தண்ணீர்தான்.
பாதிக்கு மேல் இருந்தது.